தோற்ற பிறகும் ஆலோசனை கேளுங்கள்

 

 

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பீர்கள். ஒருவர் ஜமாஅத் தலைவராக இருப்பார். ஒருவர் பள்ளிவாசல் செயலாளராக இருப்பார். ஒருவர் கடையில் நான்கு பேருக்கு முதலாளி. ஒருவர் அலுவலகத்தில் பத்துப் பேர் கொண்ட டீமுக்கு லீடர். ஒரு சகோதரி பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட மனிதர்களைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் என்பது நமக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தைப் பற்றிய கேள்விக்குப் பயப்படுகிறோம். மனிதர்களைப் பற்றிய கேள்விக்கு அந்த அளவு பயப்படுகிறோமா?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். வாசிப்பதைச் சற்று நிறுத்தி, உங்கள் உள்ளத்திற்குள் பதில் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் மஷூரா செய்தீர்கள். உங்கள் கருத்து ஒன்றாக இருந்தது, மற்றவர்களின் கருத்து வேறாக இருந்தது. பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தீர்கள். அவர்கள் சொன்னபடியே காரியம் நடந்தது. ஆனால் அது நஷ்டத்தில் முடிந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன?

பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்: "நான் அப்பவே சொன்னேனே! யார் கேட்டீங்க?"

நான் செய்த தவறு

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என்னுடைய குறையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்தப் மதரஸாவின் பொறுப்பு என்னிடம் இருந்தது. அஸருக்குப் பிறகு வகுப்பு நடக்கும். டியூஷனுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போனார்கள். வகுப்பை ஃபஜ்ருக்குப் பிறகு வைத்தால் என்ன என்று ஓர் இளம் உஸ்தாத் கேட்டார். பள்ளிக்கூட வேன் ஏழரை மணிக்கே வந்துவிடும், காலையில் சரிவராது என்பது என் எண்ணம். மற்ற உஸ்தாத்மார்களும் நிர்வாகிகளும் அவர் பக்கம் பேசியதால் நானும் சம்மதித்தேன். மூன்றே மாதங்களில் பிள்ளைகளின் வருகை பாதியாகக் குறைந்தது. பழையபடி மாலைக்கே மாற்ற வேண்டியதாயிற்று.

அதை முடிவு செய்த கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், அந்த உஸ்தாதைப் பார்த்து நான் சொன்னது: "நான் அப்பவே சொன்னேன்ல!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் எந்தக் கூட்டத்திலும் அவர் மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் "ஹஜ்ரத் சொன்னா சரிதான்" என்பார். அது என் மீதுள்ள மரியாதை என்று நானும் மகிழ்ந்திருந்தேன். அந்த மரியாதைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உஹதுக் களத்திற்குப் போவோம்.

உஹதுக்கு முந்தைய மஷூரா

ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதம். பத்ரில் அடிபட்ட குறைஷிகள் பழிவாங்குவதற்காக 3,000 பேருடன் மதீனாவை நோக்கி வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களை அழைத்து ஆலோசனை செய்தார்கள். ஊருக்குள்ளேயே இருந்து எதிரிகளைச் சந்திக்கலாம் என்பது அவர்களின் எண்ணமாக இருந்தது. ஆனால் பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த பலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, வெளியே சென்று நேருக்கு நேர் மோத வேண்டும் என்ற வேகம் இருந்தது. அந்தக் கருத்தே ஓங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டிற்குள் சென்று கவசம் அணிந்து வந்தார்கள்.

அதற்குள் அந்தத் தோழர்களுக்கு மனம் உறுத்தியது. நாயகத்தை நாம் வற்புறுத்திவிட்டோமே, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்று சொல்லி நின்றார்கள். கவசம் அணிந்த ஒரு நபி, போரிடாமல் அதைக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்துப் புறப்பட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊருக்குள் இருக்கலாம் என்ற அதே கருத்தை இன்னொருவரும் சொல்லியிருந்தார். அவர் அப்துல்லாஹ் இப்னு உபை, நயவஞ்சகர்களின் தலைவர். தம் பேச்சு எடுபடவில்லை என்றதும், ஏறத்தாழ 300 பேரை அழைத்துக்கொண்டு பாதி வழியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். சுமார் 1,000 பேராகக் கிளம்பிய படை 700 பேராகச் சுருங்கியது.

இரண்டு பேரின் கருத்தும் ஒன்றுதான். இரண்டு பேரின் கருத்தும் ஏற்கப்படவில்லை. ஒருவர் தம்மோடு கருத்து வேறுபட்டவர்களுக்கு முன்னால் நின்று வழிநடத்தினார்கள். மற்றவர் அவர்களை நடுவழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தன் சொல் ஏற்கப்படாத நாளில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அவருடைய தலைமை வெளிப்படும். நம் ஜமாஅத்களில் ஒரு தீர்மானத்தில் தோற்றவுடன் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய வழியில் போகிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தோல்விக்குப் பின் வந்த கட்டளை

உஹதில் நடந்தது நமக்குத் தெரியும். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில்வீரர்கள் ஒரு குன்றின் மீது நிறுத்தப்பட்டிருந்தார்கள். என்ன நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. வெற்றி வந்துவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். எதிரிகளின் குதிரைப்படை பின்புறமாக வந்து தாக்கியது. சுமார் 70 தோழர்கள் ஷஹீதானார்கள். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள் கொல்லப்பட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் பல் உடைந்தது; திருமுகத்தில் இரத்தம் வழிந்தது.

இப்போது மதீனாவில் அந்த நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு அழுகை. வெளியே போகலாம் என்று சொன்ன இளைஞர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? குன்றிலிருந்து இறங்கி, உயிரோடு திரும்பிவந்த அந்த வில்வீரர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? "அப்போதே சொன்னேனே" என்று சொல்லும் உரிமை உலகில் யாருக்காவது இருந்தது என்றால், அது அன்று பெருமானார் (ஸல்) அவர்களுக்குத்தான் இருந்தது. ஆனால் சீரா நூல்களில் அப்படி ஒரு சொல்லை நாம் பார்ப்பதில்லை.

உஹதைப் பற்றிப் பேசும் வசனங்கள் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் வரிசையாக வருகின்றன. அவற்றில் 159 ஆவது வசனத்தைப் பாருங்கள். நபியின் மென்மை அல்லாஹ்வின் அருளால் வந்தது என்று அது சொல்கிறது. கடுகடுப்பும் கல்மனமும் இருந்திருந்தால் மக்கள் சிதறிப் போயிருப்பார்கள் என்றும் சொல்கிறது. அதன்பின் மூன்று கட்டளைகள் வருகின்றன. அவர்களை மன்னிப்பது, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுவது, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிப்பது.

யாரோடு கலந்தாலோசிக்க வேண்டும்? எவர்களுடைய ஆலோசனையை ஏற்றுப் போன போர் துயரத்தில் முடிந்ததோ அவர்களோடு! எவர்கள் கட்டளையை மீறி இறங்கினார்களோ அவர்களும் இருக்கும் அந்தச் சமூகத்தோடு! வெற்றி பெற்ற நாளில் ஆலோசனையின் சிறப்பைச் சொல்வது எளிது. காயம் ஆறாத நாளில் இந்தக் கட்டளை வந்திருக்கிறது. ஒருமுறை தவறாகப் போனதைக் காரணம் காட்டி ஆலோசனைக் கதவை மூடும் அனுமதி நபிக்கே கொடுக்கப்படவில்லை என்றால், நமக்கு எங்கிருந்து அந்த அனுமதி வந்தது?

கட்டளைகளின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் மன்னிப்பு, பிறகு துஆ, அதன் பிறகுதான் ஆலோசனை. மனதில் மன்னிக்காமல் ஒருவரை ஆலோசனைக்கு அழைத்தால் அவருக்கு அது விசாரணை போலத்தான் இருக்கும். அவர் வருவார், உட்காருவார், தலையாட்டுவார். உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல மாட்டார்.

அந்த வார்த்தை யாருடைய வார்த்தை?

அதே அத்தியாயத்தின் 168 ஆவது வசனம் ஒரு கூட்டத்தைக் கண்டிக்கிறது. அவர்கள் போருக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டார்கள். கொல்லப்பட்டவர்களைப் பற்றி, நம் பேச்சைக் கேட்டிருந்தால் அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்களே என்று பேசினார்கள்.

சகோதரர்களே! இது வேறென்ன? "நான் அப்பவே சொன்னேன்" என்பதுதானே? உஹதுக்குப் பிறகு அந்த வார்த்தை சொல்லப்படத்தான் செய்தது. பாதி வழியில் திரும்பியவர்களின் கூட்டம்தான் அதைச் சொன்னது. களத்தில் நின்று காயம்பட்ட தலைவரின் நாவிலிருந்து அது வரவில்லை. இனி அந்த வார்த்தை நம் நாவின் நுனிக்கு வரும்போதெல்லாம், அது யாருடைய நாவிலிருந்து வந்தது என்பதை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

அப்படியானால் தவறைச் சுட்டிக்காட்டவே கூடாதா?

பொறுப்பில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. "மென்மையாக இருந்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள். கண்டிக்காவிட்டால் நிர்வாகம் எப்படி நடக்கும்?" நியாயமான கேள்விதான். தவறை மூடி மறைப்பதும் அமானிதத்திற்குச் செய்யும் துரோகம்தான்.

வில்வீரர்களின் தவறு மறைக்கப்படவில்லை. 152 ஆவது வசனம் அதைத் தெளிவாகச் சொல்கிறது: தளர்ந்தது, தமக்குள் தர்க்கம் செய்தது, மாறு செய்தது எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தவறு சொல்லப்படுகிறது, தவறு செய்தவர் எவருடைய பெயரும் சொல்லப்படவில்லை. அதே வசனத்திலேயே அல்லாஹ் அவர்களை மன்னித்துவிட்டான் என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் தவறுக்குப் பக்கத்திலேயே மன்னிப்பையும் வைத்துவிட்டான் இறைவன். பெருமானார் (ஸல்) அவர்களின் வழக்கமும் இதுவே. மக்களிடம் ஒரு தவறைக் கண்டால், மிம்பரில் பெயரைச் சொல்லாமல் பொதுவாகக் கண்டிப்பார்கள். தவறு செய்தவருக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

மென்மை என்றால் உறுதியின்மை என்றும் எண்ணிவிட வேண்டாம். கவசம் அணிந்த பிறகு அவர்கள் முடிவை மாற்றவில்லை. அந்த 159 ஆவது வசனமும், முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வை நம்பி முன்னேற வேண்டும் என்றே முடிகிறது. கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. நடப்பதற்கு ஒரு நேரம் உண்டு. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டவருக்குத்தான், நடக்க வேண்டிய நேரத்தில் மக்கள் துணை வருவார்கள்.

திறந்திருந்த கதவின் பலன்

உஹதுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஹிஜ்ரி 5 இல், ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை அழிக்கத் திரண்டு வந்தது. மீண்டும் ஆலோசனை நடந்தது. அப்போது ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னார்கள்: அகழி தோண்டுவது. அரபுகளுக்கு அது பழக்கமில்லாத உத்தி. சொன்னவரோ பாரசீகத்திலிருந்து வந்தவர். சமீபத்தில்தான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். அதற்கு முன் மதீனாவின் எந்தப் போரிலும் கலந்துகொள்ளாதவர். அவருடைய யோசனை ஏற்கப்பட்டது. பெருமானார் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். அந்த அகழியை எதிரிகளின் படையால் கடக்க முடியவில்லை.

இதைச் சற்று ஆழமாகச் சிந்தியுங்கள். உஹதில் வெளியே போகலாம் என்று சொன்னவர்கள் அவமானப்படுத்தப்பட்டிருந்தால், அதைப் பார்த்த மதீனா மக்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? யோசனை சொல்லி அது தவறாகப் போனால் மானம் போகும், பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதானே? அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரர், யாரும் கேள்விப்படாத ஒரு யோசனையை வாய்திறந்து சொல்லியிருப்பாரா?

அடுத்த ஆண்டு ஹுதைபியாவில், உடன்படிக்கையின் நிபந்தனைகளால் மனம் உடைந்திருந்த தோழர்கள், பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று மும்முறை சொல்லியும் எழவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கூடாரத்திற்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையைச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல், தாங்களே முதலில் செய்துவிடுங்கள் என்ற யோசனையை அந்த அம்மையார் கொடுத்தார்கள். அப்படியே செய்தார்கள். பார்த்த தோழர்கள் அனைவரும் எழுந்து அதைப் பின்பற்றினார்கள். வஹீ வரும் ஒரு தலைவருக்கு, வீட்டில் இருக்கும் பெண்ணின் யோசனையைக் கேட்பது குறைவாகத் தெரியவில்லை.

மௌனத்தின் விலை

இப்போது என் மதரஸாவின் கதைக்குத் திரும்புகிறேன்.

அந்த உஸ்தாத் மௌனமான பிறகு, மதரஸாச் செலவுக்காக ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் கட்டணம் வைக்கலாம் என்று நான் சொன்னேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியது என்று நோட்டில் எழுதினோம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். "மூணு புள்ளைக்கும் சேத்து முந்நூறு ரூபா ஹஜ்ரத். அவங்க வாப்பாவுக்கு அப்ப வேலை இல்ல. கேக்கக் கூச்சமா இருந்துச்சு, நிறுத்திட்டோம்" என்றார்.

உஸ்தாதிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் மாதமே தெரிந்திருந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு நான் சொன்னது தப்பாப் போச்சு ஹஜ்ரத். எல்லார் முன்னாடியும் நீங்க அப்படிச் சொன்னீங்க. அதுக்கப்புறம் நம்ம யோசனை எதுக்குன்னு இருந்துட்டேன்."

உடனே கட்டணத்தை நிறுத்தினோம். சின்னப் பிள்ளைகள் இருவரும் திரும்ப வந்தார்கள். மூத்தவன் வரவில்லை. அதற்குள் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அம்ம ஜுஸ்உவைப் பாதியில் விட்டுப் போனவன் அவன். மறுமையில் அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கேட்கப்பட்டால், "ஒருமனதாக நிறைவேறியது" என்ற நோட்டையா காட்டுவேன்?

காயம் கூட்டத்தில் உண்டானது. ஆகவே மன்னிப்பையும் கூட்டத்தில்தான் கேட்டேன். உடனே அவர் பழையபடி பேசிவிடவில்லை. பல மாதங்கள் ஆயின. ஒரு சொல்லால் மூடிய வாயை ஒரு சொல்லால் திறந்துவிட முடியாது என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, உங்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடத்தான் வருவார்கள்.

ஒரு முடிவு தவறாகப் போனால், அதைச் சொன்னவரின் பெயரை எடுக்காதீர்கள். "நாம் முடிவு செய்தோம், சரியாக வரவில்லை, அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நீங்கள் சம்மதித்த பிறகு அது உங்கள் முடிவும்தான்.

ஒருவரிடம் பேச வேண்டிய குறை இருந்தால் தனியே அழைத்துப் பேசுங்கள். என்ன தவறு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அந்த விஷயத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கோபத்தில் அதை வெளியே எடுக்காதீர்கள்.

உங்களுக்குக் கீழே பணிபுரிபவர்களின் பெயரைச் சொல்லித் தனிமையில் துஆ செய்யுங்கள். ஒருவருக்காக இரவில் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டவருக்கு, காலையில் அவரை நான்கு பேர் முன்னிலையில் கேவலப்படுத்த மனம் வராது.

கடைசியாக, உங்கள் கூட்டங்களில் யார் பேசுவதில்லை என்று பாருங்கள். முன்பு பேசி, இப்போது பேசாமல் இருப்பவர் யார்? அவரிடம் தனியே போய்க் கேளுங்கள். முக்கியமாக, அவர் என்றைக்கு மௌனமானார் என்று யோசியுங்கள். அந்த நாளில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஒருவேளை உங்களுக்கு நினைவுக்கு வரலாம். நினைவுக்கு வந்தால் தாமதிக்காதீர்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே, நாமும் உயிரோடு இருக்கும்போதே, அவரிடம் போய்விடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட மனிதர்கள் விஷயத்தில் எங்களை அமானிதம் காப்பவர்களாக ஆக்குவாயாக! எங்கள் நாவால் காயம்பட்டவர்களின் உள்ளங்களை நீயே ஆற்றுவாயாக! எங்கள் தவறை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் நல்ல மனிதர்களை எங்களைச் சுற்றி வைப்பாயாக! அவர்கள் சொல்லும்போது கேட்கும் உள்ளத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.